மதுரைக் கோட்டை வாசலில் அறைந்த தலைகள்

அரியணைப் போர்கள் – 7

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் என்று ஓர் ஊர். சோழன் இரண்டாம் ராஜாதிராஜனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. அது அச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. கல்வெட்டுகளைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். மெய்க்கீர்த்திகளில் நடுங்குகிறவன் எப்போதும் எதிரிதான். சொந்த நாட்டு மக்கள் கலங்கினார்கள், ஒரு சிற்றரசரே கதிகலங்கிப் போனார் என்று கல்லில் வெட்டி வைப்பதற்கு ஓர் அசாதாரண நிலைமை வேண்டும்.

நடந்தது இது. ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்த படை பாண்டிநாட்டைப் பிடித்துக்கொண்டது. மதுரையிலிருந்த குலசேகர பாண்டியனைத் துரத்திவிட்டது. பிறகு தொண்டி, பாசி பக்கங்களில் சோழனின் சாமந்தர்களோடும் மோதத் தொடங்கியது. செய்தி வடக்கே வந்ததும் எதிரிலி சோழச் சம்புவராயர் என்ற சிற்றரசர் நேரே ஒரு துறவியிடம் போனார். உமாபதிதேவர் என்ற ஞானசிவதேவர். வங்கத்திலிருந்து வந்து தொண்டை மண்டலத்தில் தங்கிவிட்ட சைவப் பெரியவர். இராமேசுவரத்துக் கோயிலின் திருக்கதவுகளைப் பெயர்த்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தை அள்ளிக்கொண்டு போன படை இது, அது தோற்க வேண்டும், நீங்கள்தான் வழிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். துறவி 28 நாள் இடைவிடாமல் சிவபூசை செய்தார். ஈழப்படை தோற்று ஓடியது என்ற செய்தி வந்தது. நன்றிக்கடனாகச் சம்புவராயர் அவருக்குக் கொடுத்த ஊர்தான் ஆர்ப்பாக்கம்.

தொண்டி எங்கே, ஆர்ப்பாக்கம் எங்கே? இடையில் வெள்ளாறு, காவிரி, கொள்ளிடம், தென்பெண்ணை என்று எத்தனை ஆறுகள்! அவ்வளவு தூரம் தாண்டி ஓடியிருக்கிறது அந்தப் பயம். இத்தனைக்கும் அந்தப் போர் சோழனின் போரே இல்லை. மதுரை அரியணைக்காகப் பாண்டியர் குலத்தில் இருவர் போட்ட சண்டை அது.

ஒருவன் பராக்கிரம பாண்டியன். மதுரையில் ஆண்டுகொண்டிருந்தவன். மற்றவன் குலசேகரன். 1169 வாக்கில் குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டான். உள்ளே அகப்பட்டுக்கொண்ட பராக்கிரமன், கடலுக்கு அப்பால் பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகுவுக்கு உதவி கேட்டு ஆள் அனுப்பினான்.

ஏன் அங்கே அனுப்பினான் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாம் பராக்கிரமபாகு 1153-இல் அரியணை ஏறியவன். அவனும் உறவினர்களோடு பல்லாண்டு போராடி முடியைக் கைப்பற்றியவன்தான். தீவு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்து, கடல் போன்ற ஏரியை வெட்டி, பர்மா வரைக்கும் கப்பற்படை அனுப்பியவன். ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே பொலன்னறுவையில் சோழர் கொடி பறந்ததை ஈழம் மறந்திருக்கவில்லை. மதுரையில் தனக்குக் கடன்பட்ட ஒருவன் இருந்தால் சோழனைக் கடலுக்கு வடக்கேயே நிறுத்திவைக்கலாம். இந்தக் கணக்கு அவனுக்குப் பிடித்திருந்தது.

லங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் படை மாதோட்டத் துறையில் திரண்டது. கப்பல் ஏறும் முன்பே செய்தி வந்துவிட்டது: மதுரை விழுந்தது. குலசேகரன் பராக்கிரம பாண்டியனையும் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிட்டான். யாருக்கு உதவப் புறப்பட்டார்களோ அவனே இல்லை. படை திரும்பியிருக்கலாம். “போ, நாட்டைப் பிடி, செத்தவனின் வாரிசு யாராவது மிஞ்சியிருந்தால் அவனுக்குக் கொடு” என்ற பொருளில் ஆணை வந்தது. ஓர் உதவி படையெடுப்பாக மாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நமக்குச் சொல்கிறவர்கள் இரண்டு பேர். ஒன்று, ஈழத்தில் பாலி மொழியில் எழுதிய வரலாற்று நூலான சூளவம்சம். மற்றொன்று, சோழநாட்டுக் கல்வெட்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை முழுதாகக் கிடைக்கும். ஒன்று வாய் மூடும் இடத்தில்தான் மற்றது வாய் திறக்கிறது.

சூளவம்சத்தில் லங்காபுரன் தொட்டதெல்லாம் வெற்றி. இராமேசுவரம் விழுகிறது. பாம்பன் தீவின் மேற்கு முனையில், இரண்டு கடல்களுக்கு நடுவில், குந்துகாலில் ஒரு கோட்டை கட்டித் தன் மன்னன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயர் வைக்கிறான். சோழப்படை ஒரு காலத்தில் இரண்டு ஆண்டு முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத செம்பொன்மாரியை அரை நாளில் எடுத்தான் என்று பெருமையாக எழுதுகிறது அந்த நூல். குலசேகரன் தன் மாமன்மாரான கொங்கர்களின் படையை அழைக்கிறான், அதுவும் தோற்கிறது. சிறுவயல், காளையார்கோவில், கீழாநிலை, பொன்னமராவதி என்று இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊர்ப்பெயர்கள் பாலியில் வரிசையாக வரும்போது, அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நெஞ்சு ஒரு கணம் நிற்கும். பஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயர்கள். ஜகத்விஜயன் என்ற இன்னொரு தளபதி துணைப்படையோடு வருகிறான். கொலைக்குத் தப்பி மலைநாட்டில் ஒளிந்திருந்த பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனைக் கூட்டி வந்து மதுரையில் பட்டம் கட்டுகிறார்கள். பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு பாண்டிநாட்டில் புழங்குகிறது.

அந்த நூலில் ஒரு செய்தி என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது. பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றி ஈழத்துக்கு அனுப்பினார்கள். அநுராதபுரத்து மகாதூபியை முன்பு தமிழ்ப்படைகள் சிதைத்திருந்தன. அதைச் செப்பனிடும் வேலையில் இந்தக் கைதிகளைப் போட்டார்கள். ருவன்வெலிசாய என்று இன்று உலகமே வந்து வணங்கும் தூபி அது. செம்பொன்மாரிப் பக்கத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த எவனோ ஒருவன், யார் மதுரையில் உட்கார்ந்தாலும் தனக்கு ஒன்றுமில்லாத ஒருவன், அந்தச் செங்கல்லைச் சுமந்திருப்பான். அவன் பெயர் இரண்டு பக்க ஆவணங்களிலும் இல்லை.

வெற்றியைக் கொண்டாடப் பண்டுவிஜயம் என்று ஓர் ஊரை உண்டாக்கி, அதை அந்தணர்களுக்குப் பராக்கிரமபாகு கொடுத்ததோடு சூளவம்சம் இந்தப் போரை முடித்துவிடுகிறது. லங்காபுரன் என்ன ஆனான்? அதைத் தெரிந்துகொள்ள மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக்குப் போக வேண்டும்.

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு ராஜாதிராஜனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அது சோழர் வீட்டுக்குள் இருந்த சங்கடத்தையும் திறந்து காட்டுகிறது. இரண்டாம் ராஜராஜன் இறந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும். இந்த நிலை வரும் என்று தெரிந்தே, விக்கிரம சோழனின் பேரன் எதிரிலிப் பெருமாளைக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வரவழைத்து இளவரசனாக்கி வைத்திருந்தார்கள். அவன்தான் ராஜாதிராஜன் என்ற பெயரில் முடிசூடினான். குழந்தைகளையும் அந்தப்புரத்தையும் ஆபத்தில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், நாட்டில் கலகம் வராமல் பிடித்து நிறுத்தியவர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர் என்ற அமைச்சர். ஆக, சோழநாட்டின் முடியும் அப்போது ஒரு மனிதரின் விசுவாசத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்ப்பாக்கத்துப் பயத்துக்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கும்.

குலசேகரன் சோழனிடம் வந்து அடைக்கலம் கேட்டான். பல்லவராயரின் படை தெற்கே போனது. ஈழப்படையை முறியடித்தது. லங்காபுரன் உள்ளிட்ட தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து அறைந்தார்கள். குலசேகரன் மறுபடியும் மதுரைக்குள் நுழைந்தான், அந்தத் தலைகளுக்குக் கீழே நடந்து. பல்லவராயர் அதன்பின் நோயில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு 40 வேலி நிலத்தை இறையிலியாகக் கொடுத்ததைப் பதியத்தான் அந்தக் கல்வெட்டே பிறந்தது. ஒரு நிலதானப் பத்திரத்துக்குள் இவ்வளவு பெரிய வரலாறு!

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண அரியணைப் போர். திருவாலங்காட்டில், பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று மிச்சத்தைச் சொல்கிறது.

பராக்கிரமபாகு ஓயவில்லை. ஊர்காவற்றுறை, மாதோட்டம், வலிகாமம் பகுதிகளில் மறுபடியும் கப்பல் கட்ட ஏற்பாடு செய்தான். சோழர் இதற்கு என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பராக்கிரமபாகுவின் மருமகன் ஸ்ரீவல்லபன் ஈழத்து முடிக்கு உரிமை கோருபவன், சோழநாட்டில்தான் இருந்தான். அவனுக்குப் படை கொடுத்து ஈழத்துக்கு அனுப்பினார்கள். ஊர்கள் அழிந்தன, யானைகள் பிடிபட்டன. மதுரைக்கு ஒரு வாரிசை ஈழம் வைத்திருந்தது. ஈழத்துக்கு ஒரு வாரிசைச் சோழன் வைத்திருந்தான். பக்கத்து வீட்டு அரியணைக்கு ஓர் ஆளைத் தன் வீட்டில் சோறு போட்டு வளர்ப்பது அன்றைய ராஜதந்திரம்.

பராக்கிரமபாகு அப்போது ஆட்டத்தையே மாற்றினான். தான் துரத்திய குலசேகரனோடு சமாதானம் பேசினான். சோழனால் முடி பெற்ற குலசேகரனும் சம்மதித்தான். சோழனிடம் விசுவாசமாக இருந்த பாண்டிநாட்டுத் தலைவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே ஓட்டினான். கோட்டை வாசலில் அறைந்திருந்த தலைகளை எடுக்கச் சொன்னான். ஈழத்திலிருந்து அவன் ஆட்களுக்கு வந்த ஓலைகளும் பரிசுகளும் சோழர் கையில் சிக்கின. கல்வெட்டு இதைச் சொல்லும்போது அதன் குரலில் இருக்கும் கோபம் இன்றும் சுடுகிறது: செய்த நன்றியை மறந்தான்.

ராஜாதிராஜனின் இன்னொரு தலைவர், வேதவனமுடையான் அம்மையப்பன் என்கிற அண்ணன் பல்லவராயர், மதுரை மேல் போனார். குலசேகரன் விரட்டப்பட்டான். அந்த இடத்தில் யாரை உட்கார வைத்தார்கள்? ஈழம் பட்டம் கட்டிய அதே வீரபாண்டியனை! எந்தப் பையனை இறக்குவதற்காகச் சோழர் முதலில் போருக்குப் போனார்களோ, அவனையே ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். மதுரையும் ஈழமும் கொண்டவன் என்று ராஜாதிராஜன் பட்டம் சூட்டிக்கொண்டான். பாண்டிநாட்டு ஊர்கள் எத்தனை முறை எரிந்தன என்று கணக்குப் பார்க்க யாரும் இல்லை.

வீரபாண்டியனும் நிலைக்கவில்லை. 1178-இல் மூன்றாம் குலோத்துங்கன் சோழ முடி சூடினான். அதற்குள் வீரபாண்டியன் மறுபடி ஈழத்தோடு சேர்ந்திருந்தான். குலோத்துங்கன் விக்கிரம பாண்டியன் என்ற இன்னொருவனைப் பிடித்து மதுரையில் அமர்த்தினான். நெட்டூரில் வீரபாண்டியன் தோற்று, சேரநாட்டுக்கு ஓடி, கடைசியில் வந்து சரணடைந்தான். 1190-இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் குலசேகரனும் சோழனுக்கு அடங்கவில்லை. 1205 வாக்கில் குலோத்துங்கன் மூன்றாவது முறையாக மதுரைக்கு வந்தான். இந்த முறை யாருக்கும் பட்டம் கட்ட வரவில்லை. பாண்டியர் வழிவழியாக முடிசூடும் மண்டபத்தை இடித்தான். அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுது, கவடி விதைக்கச் செய்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவன் கட்டிய திரிபுவனம் கோயில் அந்தக் காலத்துச் சிற்பக்கலையின் உச்சம். அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு மதுரையில் உழுத அந்த நிலமும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

நாற்பது ஆண்டுகளாகச் சோழர் மதுரையில் ஆள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் அமர்த்தியவர்களே தங்கள் பக்கம் நிற்காமல் போனார்கள். ஒவ்வொரு முறையும் படை, யானை, பணம் எல்லாம் தெற்கே போயின. வடக்கில் சிற்றரசர்கள் தனித்தனியே தலையெடுத்தார்கள். என் பார்வையில் சோழப் பேரரசு சரியத் தொடங்கியது தோற்ற போர்களால் அல்ல, வென்ற இந்தப் போர்களால்தான்.

1216-இல் மாறவர்மன் சுந்தர பாண்டியன் மதுரையில் முடிசூடினான். சோழநாட்டுக்குள் புகுந்தான். தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அங்கேயும் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்தார்கள். பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்தளியில் சோழர் மாளிகையிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டான். பிறகு நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, அவனைத் தனக்குக் கீழே உட்கார வைத்தான். மதுரைக்குச் சோழர் செய்துவந்ததை அவன் சோழருக்குச் செய்தான். 1279-க்குப் பிறகு சோழ மன்னன் என்று சொல்ல யாரும் இல்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1186-இல் பராக்கிரமபாகு இறந்ததும் பொலன்னறுவை அரியணையில் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள், இறங்கினார்கள். 1212-இல் பாண்டிநாட்டிலிருந்து போன ஒருவனே அதில் உட்கார்ந்தான். அவன் பெயர் பராக்கிரம பாண்டியன். ஈழம் காப்பாற்றப் புறப்பட்டுக் காப்பாற்ற முடியாமல் போனவனின் அதே பெயர். மூன்றே ஆண்டில், 1215-இல், கலிங்க மாகன் பெரும்படையோடு வந்து அவனை வீழ்த்தினான். சிங்கள அரசர்கள் தென்மேற்குப் பக்கம் நகர்ந்தார்கள். ஏரிகளும் வாய்க்கால்களும் பராமரிப்பில்லாமல் காடேறின. வடக்கே யாழ்ப்பாண அரசு எழுவதற்கு இடம் பிறந்தது.

மூன்று முடிகளில் மதுரைதான் மிஞ்சியது. அடுத்த நூறு ஆண்டு அது தென்னாட்டின் முதல் அரசு; முத்தும் குதிரையும் கைமாறிய துறைமுகங்களின் எசமான். 1310-இல் அந்த அரியணைக்கு மறுபடியும் இரண்டு பேர் நின்றார்கள், ஒரே தகப்பனின் பிள்ளைகள். ஒருவன் பெயர் சுந்தரன், மற்றவன் வீரன். இந்த முறை உதவிக்கு வந்த படை இன்னும் தொலைவிலிருந்து வந்தது.

(தொடரும்)