வயிறு என்னும் வம்புக்காரன் - 11: பால் டம்ளரும் நனைந்த பாயும்

மலக்குடலில் மலம் தேங்கினால் அக்கம்பக்கத்து உறுப்புகளுக்கும் இடைஞ்சல் என்று போன வாரம் நிறுத்தியிருந்தேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். உணவு ஒவ்வாமைக்கும் பிள்ளைகள் படுக்கையை நனைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பது இந்த வாரக் கணக்கு.

ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். அப்பா, அம்மா இருவருமே சின்ன வயதில் நனைத்தவர்கள் என்றால், பிள்ளைக்கும் வர நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. (பாட்டியைக் கேட்டால் உண்மை தெரியும், அப்பாக்கள் ஒப்புக்கொள்வதில்லை.) அடித்துத் திருத்துகிற விஷயமே அல்ல. எட்டு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் படுக்கையை நனைத்த ஜார்ஜ் ஆர்வெல்லைத் தலைமையாசிரியர் குதிரைச் சவுக்கால் விளாசியதில் சவுக்குதான் உடைந்தது. ஆர்வெல்லே எழுதியிருக்கிறார்.

சரி, சாப்பாடு. 1992-ல் எக்கர் என்ற மருத்துவரின் குழு, நனைக்கும் பழக்கமுள்ள 21 பிள்ளைகளைச் சில பண்டங்கள் மட்டுமே கொண்ட பத்தியத்தில் வைத்துப் பார்த்தது. 12 பேருக்கு நனைப்பது நின்றது. ஆனால் அத்தனை பேரும் ஒற்றைத் தலைவலியோ அதீதத் துறுதுறுப்போ உள்ளவர்கள். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது.

இந்த வாரம் என்னைப் பிடித்து ஆட்டியது இத்தாலியின் பலெர்மோ. பாலுக்கும் மலச்சிக்கலுக்கும் உள்ள தொடர்பு பற்றி 1998-ல் வெளியான ஆய்வு. 65 குழந்தைகள், மூன்று நாளுக்கு ஒருமுறை, சிலர் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனார்கள். மலமிளக்கி கொடுத்தும் பயனில்லை. 49 பேருக்கு ஆசனவாயில் வெடிப்போ சிவப்போ வீக்கமோ. இவர்களுக்கு இரண்டு வாரம் பசும்பால், இரண்டு வாரம் சோயா பால். எது எந்த வாரம் என்று யாருக்கும் தெரியாது. சோயாவில் 44 பேருக்கு வயிறு இளகியது. பசும்பாலில்? ஒருவருக்குக்கூட இல்லை! பத்துப் பேராவது தேறியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் அட்டவணையைப் பார்த்தேன். பால் குடிக்காத பிள்ளை தேறாது என்று டம்ளரோடு துரத்தும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பூஜ்யத்தை எப்படிச் சொல்வது? இவர்கள் மருந்துக்கும் மசியாத முற்றிய கேஸ்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பலெர்மோவில் யாரும் படுக்கை நனைந்ததா என்று பார்க்கவில்லை. மலச்சிக்கலையும் நனைப்பதையும் இணைக்கும் கண்ணி மாண்ட்ரியலில் இருக்கிறது. 1980-களில் ஓரீகன் என்ற சிறுநீரக மருத்துவர், தன் மகனே நனைக்கிறவன் என்பதால் தலையைப் பிய்த்துக்கொண்டவர், நனைக்கும் பிள்ளைகளின் மலக்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். குடல் விரிந்து, பலூன் பெருத்ததே தெரியாத அளவுக்கு மரத்திருந்தது. சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால்தான் மலக்குடல். அது புடைத்தால் பைக்கு இடம் குறையும், கொஞ்சம் நிறைந்ததுமே இறுகும். மலச்சிக்கலைத் தீர்த்ததும் பல பிள்ளைகளின் படுக்கை காய்ந்தது.

ஆகவே அலர்ஜி டெஸ்டுக்கு ஓடுமுன், பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் போகிறான், கெட்டியாகவா, முக்கியா என்று பாருங்கள். வலியோ தாகமோ இருந்தாலும், ஆறு மாதம் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தாலும் மருத்துவரிடம் போங்கள். பாலை நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான்.

முட்டை, கோதுமை, ஆரஞ்சு பற்றிச் சொல்ல இடமில்லை. அதோடு, துணி மாற்றும் செவிலியருக்காக 1904-ல் ஒரு மருத்துவர் கட்டிய மணி எப்படி வைத்தியமாகிப்போனது என்பதும் அடுத்த வாரம்.