விழா எடுக்கும் கைகள்: வடசென்னையின் பன்மையும் தொண்டும்

ராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடற்கரை, சென்னையில் பல மொழியினரும் பல மதத்தினரும் நெருங்கி வாழும் பகுதிகளுள் ஒன்று. துறைமுகமும் ரயிலும் ஆலைகளும் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. மீனவர்கள், படகோட்டிகள், சுமைதூக்கும் தொழிலாளர்கள், தெலுங்கு பேசும் குடும்பங்கள், ரயில்வேயில் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியர்கள், முஸ்லிம் வணிகர்கள், பார்சிகள் என ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு வழிபாட்டிடத்தையும் ஒரு விழாவையும் உருவாக்கிக்கொண்டது. அந்த விழாக்களை இன்றுவரை நடத்தித் தருவது தெருவாசிகளின் கூலி வாங்காத உழைப்பு. வடசென்னையின் பன்மை உயிரோடு இருப்பதற்கு அந்த உழைப்பே முதற்காரணம்.

ராயபுரத்தின் பார்சிகள்

ராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தினர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்கள் காவலரான புனித இராயப்பருக்கு (பேதுரு) ஆலயம் எழுப்பினார்கள். அதே பேட்டையின் ஆரத்தூன் சாலையில் 1910-இல் பார்சிகளின் அக்கினிக் கோயில் எழுந்தது. இளம் வயதில் இறந்த மகன் ஜாலின் நினைவாகப் பிரோஜ் கிளப்வாலா கட்டிய இக்கோயில், தமிழ்நாட்டில் அச்சமூகத்தாருக்கு இருக்கும் ஒரே அக்கினிக் கோயில். உள்ளே செல்லும் உரிமை பார்சிகளுக்கு மட்டுமே உண்டு. ஆனால் அச்சமூகம் செய்த தொண்டு ஊர் முழுவதற்கும் பயன்பட்டது.

அதற்குச் சிறந்த சான்று மேரி கிளப்வாலா ஜாதவ் (1909–1975). இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பின் வழியே பொதுத்தொண்டில் இறங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942-இல், படைவீரர்களுக்கு உதவும் குழு ஒன்றைச் சென்னையில் அமைத்தார். தொண்டுக்கு நல்ல மனம் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்று கருதி, 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியை நிறுவினார். எண்ணிக்கையில் மிகச் சிறியதொரு சமூகத்தில் பிறந்த பெண், நகரம் முழுவதற்கும் தொண்டர்களைப் பயிற்றுவித்த வரலாறு இது.

ஒற்றியூரில் இரண்டு மொழிகள்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தேவார மூவரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த கதையை மாசிப் பெருவிழாவின் மகிழடி சேவை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. இதே கோயிலின் வடிவுடையம்மன் மீது தியாகராஜ சுவாமிகள் ஐந்து தெலுங்குக் கீர்த்தனைகளை இயற்றினார். அவை திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப் பெயர் பெற்றவை. தமிழ்ப் பதிகமும் தெலுங்குக் கீர்த்தனையும் ஒரே கோயிலுக்கு உரியவையாக இருப்பது இந்தக் கரையின் இயல்புக்கு ஏற்றதே.

தொண்டின் மரபும் இங்கே ஆழமானது. பெரியபுராணம் போற்றும் கலிய நாயனார் இவ்வூர்ச் செக்கு வணிகர். செல்வம் கரைந்த பிறகும், செக்கில் கூலிவேலை செய்து கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர். வடிவுடையம்மன் மீது மாலை பாடிய வள்ளலார், இளமையில் இக்கோயிலுக்குத் தவறாமல் வந்தவர். பின்னாளில் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிச் சாதி, மதம் பாராமல் பசித்தோர்க்குச் சோறிட வழி செய்தார். விழா நாட்களில் தண்ணீர்ப் பந்தல் போடுவதும் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதும் பந்தியில் பரிமாறுவதும் இந்த மரபின் தொடர்ச்சி.

கூழும் கஞ்சியும்

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். தெருக்காரர்கள் வீடு வீடாகக் கேழ்வரகும் அரிசியும் பணமும் திரட்டி, கோயில் வாசலில் அண்டா ஏற்றிக் காய்ச்சி, வருவோர் போவோர் எல்லோருக்கும் ஊற்றுவார்கள். ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. தமிழக அரசு இதற்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. மாலையில் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் நோன்பு இருப்பவரும் இருப்பார், அண்டை வீட்டு இந்துக் குழந்தையும் இருக்கும். இரண்டு சமையலிலும் விறகு தள்ளவும் அண்டா இறக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும். புதிதாக வரும் தொண்டர் முதலில் கற்கும் இடம் இதுதான்.

எண்ணூரில் வந்த சோதனை

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பல் எரிபொருள் எண்ணெய் கடற்கரையெங்கும் படிந்தது. மீனவர்கள், மாணவர்கள், கடலோரக் காவல்படையினர், தன்னார்வலர்கள் எனப் பலரும் சேர்ந்து அதை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை மூடியபோதும் மீனவர்களே படகில் இறங்கித் துப்புரவு செய்தார்கள். எண்ணெயின் ஆவியும் தோலில் படும் கசடும் உடலுக்குத் தீங்கு செய்பவை. கையுறை, முகக்கவசம், ரப்பர் காலணி இல்லாமல் எந்தத் தொண்டரையும் இத்தகைய வேலையில் இறக்கக் கூடாது.

இந்தக் கழிமுகத்தின் துயரைக் கலையும் பேசியிருக்கிறது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 பொங்கலையொட்டி வெளிவந்தது. எண்ணூரிலேயே படமாக்கப்பட்ட அந்தக் கர்நாடக இசைப் பாடல், ஆலைக்கழிவால் வாழ்விழக்கும் மீனவர்களுக்காகக் குரல் கொடுத்தது.

புதிய மேடைகள், பங்கேற்கும் வழிகள்

சென்னை நகரின் பிறந்தநாளாகக் கருதப்படும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய மெட்ராஸ் தினம், 2004-இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூசா ஆகியோரின் முயற்சியால் தொடங்கியது. அரசு உத்தரவு ஏதுமின்றித் தன்னார்வலர்களாலேயே வளர்ந்த விழா இது. தன் தெருவின் வரலாறு அறிந்த எவரும் மரபு நடையோ கண்காட்சியோ நடத்தலாம். வடசென்னை வாசிகள் தங்கள் பேட்டைகளைத் தாங்களே எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தென்சென்னையிலும் இத்தகைய முயற்சி உண்டு: 2015-இல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் பறையையும் கூத்தையும் மீனவர் குடியிருப்பிலேயே ஒரு மேடையில் ஏற்றியது. வடசென்னையின் கானாப் பாட்டு, 2018-இல் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் வழியாகவும், 2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' வழியாகவும் நகரத்தின் பொது மேடைக்கு உரிய மதிப்போடு வந்தது.

கல்லூரி மாணவர்கள் 1969 முதல் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் மூலம் இத்தகைய பணிகளில் சேரலாம். மற்றவர்கள் கோயில் விழாக்குழுவையோ பங்கு ஆலயத்தையோ பள்ளிவாசல் நிர்வாகத்தையோ நேரில் அணுகலாம். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரின் ஒப்புதல் பெற்ற பிறகே எதையும் தொடங்குவது முறை. வழிபாட்டு இடங்களின் கட்டுப்பாடுகளை மதிக்க வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துத்தான் கிளம்ப வேண்டும். எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை ஊராரே சொல்லட்டும். அதைக் கேட்டுச் செய்யும் தொண்டரே அடுத்த ஆண்டும் அழைக்கப்படுவார்.