சட்டைக் கை சொல்லும் காலம்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளில், பெட்டகத்தின் அடியில், காணி உறுதிகளோடு உறுதிகளாக, தடித்த மட்டையில் ஒட்டிய பழுப்புநிற ஒளிப்படங்கள் சில கிடக்கக் காணலாம். அவற்றைச் சேகரிக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது, அவை உண்டான விதமாகும்.

முட்டையின் வெண்கருவில் உப்பைக் கலந்து கடதாசியில் தடவி உலர்த்தி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, உருப் பதிந்த கண்ணாடித் தகட்டின் கீழ் வைத்து வெயிலில் பதித்தெடுக்கும் இம்முறையை 1850இல் பிரான்சு தேசத்து பிளாங்கார்ட்-எவ்ரார்ட் வெளியிட்டார். கடதாசி மெல்லியதாகையால் சுருளாதபடி மட்டையில் ஒட்டினர். 1854இல் பாரிஸ் நகரத்து டிஸ்தேரி ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்கும் உரிமையைப் பெற்றபின், பிரபுக்களுக்கே உரியதாயிருந்த உருவப்படம் சாமானியருக்கும் எட்டியது.

படத்தின் பின்புறத்தில் ஆண்டு எழுதியிருப்பது அபூர்வம். ஆகவே சேகரிப்போர் ஆடையையே சாட்சியாகக் கொள்கின்றனர். சீமையில், உருக்குக் கம்பி வளையங்களால் பாவாடையைச் சுற்றிலும் விரித்த கிரினோலின் 1856ஐ அடுத்து வந்தது. எழுபதுகளில் அவ்விரிவு முழுவதும் இடுப்பின் பின்புறத்துக்கு ஒதுங்கியது. 1895 அளவில் பாவாடை அடங்கிவிட, சட்டையின் கையோ தோளில் ஆட்டுத்தொடைபோலப் புடைத்து, முழங்கைக்குக் கீழே இறுகி நின்றது. அந்தக் கையைத் தைத்தவரின் மடிப்பு நேர்த்தியை ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்ப்பது பேரின்பம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்து, 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவி, எழுத்தோடு தையலையும் கற்பித்தமையால், நம் ஸ்திரீகளின் உடையிலும் அந்நாகரிகத்தின் சாயல் படிந்தது. சேலை நம்முடையதாயிருக்க, அதனுள்ளே உயர்ந்த கழுத்தும் நீண்ட கையும் பின்னல் விளிம்பும் கொண்ட சட்டை விக்டோரியா மகாராணியார் காலத்ததாயிற்று. வைகாசி வெயிலில் அதை அணிந்திருந்தவர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். எனினும், சீமையில் கைவிடப்பட்ட மோஸ்தர் இங்கு மேலும் சில ஆண்டுகள் நீடித்திருக்கலாமாதலால், சட்டைக் கையைக் கண்டவுடன் ஆண்டைத் தீர்மானித்துவிடுவது அவசரம். மட்டையின் தடிப்பையும், பின்புறத்தில் அச்சிட்ட படப்பிடிப்பு நிலையத்தின் பெயரையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நிறத்தின் விஷயத்திலோ படம் துணிந்து பொய் சொல்லும். அக்காலத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. சிவப்பையும் மஞ்சளையும் அவை உணரவில்லை. ஆகையால் அரக்குச் சிவப்புக் கூறைச்சேலை கருஞ்சேலையாகவும், நீலப் பட்டு வெளிறிய துணியாகவும், மஞ்சள் பூசிய முகம் இருண்டதாகவும் பதிந்தன. கறுப்பு உடுத்த மாதைக் கண்டு துக்கம் காத்தவள் என்று கதை கட்டுவோர் இதை நினைவிற் கொள்வார்களாக.

நம் கடற்காற்றின் ஈரமும் கறையானும் இப்படங்களுக்குப் பகைவர். போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தவை எத்தனையோ. எஞ்சியவற்றை ஈரத்துணியால் துடைக்காமலும், பசையிட்டு ஒட்டாமலும், அமிலமற்ற கடதாசி உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள மூத்தோரிடம் படத்திலிருப்பவர் யாரெனக் கேட்டு, பெயரையும் ஊரையும் மட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள், மை வேண்டாம்.