பந்தயத் தடத்துக்குப் பொதுப்பணம்: நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான கார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடத்திவந்த பந்தயங்களுக்கு மாற்றாக 1990 முதல் இந்தத் தடத்தைப் பயன்படுத்தி வருகிறது. ஆயினும் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் ஃபார்முலா 4 பந்தயம் இங்கு நடைபெறவில்லை. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் பொதுச்சாலை, இரவுப் பந்தயத்துக்கான தடமாக மாற்றப்பட்டது. இந்த நிகழ்வுக்காகத் தமிழ்நாடு அரசு செலவிட்டதாக நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்ற தொகை 42 கோடி ரூபாய். பந்தயத்தை நடத்தியது ரேசிங் பிரமோஷன்ஸ் என்னும் தனியார் நிறுவனம்.

அப்போது எழுந்த விவாதம் பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலையும், அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கு ஏற்படும் இடையூறையும், ஏற்கெனவே ஒரு தடம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பதையும் சுற்றியே நடந்தது. இவை நியாயமான கேள்விகளே. ஆனால் பட்டியலின மக்களின் உரிமை என்னும் நோக்கில் பார்க்கும்போது வேறு மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன. பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வருகிறது? அரங்கம் எழும் நிலம் யாருடையது? கட்டி முடித்தபின் அதற்குள் நுழையும் உரிமை யாருக்கு? தொழில்முறை விளையாட்டுக்குப் பொதுப்பணம் செல்லும் ஒவ்வொரு முறையும் இம்மூன்றையும் கேட்கும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

லீக்குகள் பெருகும் காலம்

கிரிக்கெட்டில் தொடங்கிய தொழில்முறை லீக் முறை இன்று கபடி, கால்பந்து, கார் பந்தயம், ஹாக்கி என எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. 2017க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது. அதில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணியும் இடம்பெற்றது. ரூர்கேலாவின் பிர்சா முண்டா அரங்கம் 2023 உலகக் கோப்பைக்காக ஒடிசா அரசு கட்டியது. தமிழ்நாட்டிலும் 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

இந்தப் பெருக்கத்தின் பொருளாதாரம் எளிமையானது. அணியின் உரிமையும் ஒளிபரப்பு வருவாயும் விளம்பர வருவாயும் தனியாரிடம் இருக்கின்றன. அரங்கமும் சாலையும் மின்சாரமும் காவல் ஏற்பாடும் அரசின் செலவில் அமைகின்றன. உலகெங்கும் இதுவே வழக்கம். அரங்கத்துக்குச் செலவிடும் பொதுப்பணம் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு அதே அளவில் திரும்பி வருவதில்லை என்று அமெரிக்கப் பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கூறி வருகிறார்கள். அங்கே அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், பனி ஹாக்கி அணி ஒன்றுக்கான அரங்கத்தை உள்ளடக்கிய மாபெரும் வளாகத் திட்டம் 2023 மே மாதம் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. மக்கள் அதை நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே அதன் ஆட்டக்காரர்கள் சால்ட் லேக் நகரத்துக்கு இடம் மாறினார்கள். நமது ஊர்களில் அத்தகைய வாக்கெடுப்புக்கு வழியில்லை. இருப்பது கிராம சபை மட்டுமே. அதன் தீர்மானத்துக்கு என்ன மதிப்பளிக்கப்படுகிறது என்பதை, பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகத் தீர்மானத்துக்குமேல் தீர்மானம் நிறைவேற்றிய ஏகனாபுரம் மக்கள் அறிவார்கள்.

நீதிமன்றம் எதுவரை வரும்?

ஃபார்முலா 4 வழக்கில் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், பந்தயத்தைத் தடுக்கவில்லை. ஆனால் அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனம் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பொதுப்பணத்தைப் பற்றிக் கவலை கொண்ட பலரும் அதை வரவேற்றோம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. விளையாட்டை வளர்க்க எவ்வளவு செலவிடுவது, யாருடன் கூட்டுச் சேர்வது என்பவை அரசின் கொள்கை முடிவுகள். அவற்றில் தலையிட நீதிமன்றங்கள் தயங்கும். ‘இது வீண்செலவு’ என்ற வாதம் மட்டும் வழக்கில் நிற்பது கடினம். ‘இது எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பணம்’, ‘இது எங்களுக்கென்று வழங்கப்பட்ட நிலம்’, ‘இது எங்கள் நுழைவுரிமையை மறுக்கிறது’ என்ற வாதங்கள் வேறு வகையானவை. அவை கொள்கையைப் பற்றியவை அல்ல, உரிமையைப் பற்றியவை. ஆகவேதான் அந்த மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: 789 என்ற எண்

1979–80 முதல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பின்னர் அது துணைத் திட்டம் என்று பெயர் மாறியது. அரசின் திட்ட நிதியில், மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விகிதத்துக்குக் குறையாத பங்கை அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் பணிகளுக்கென ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்த விகிதம் 20.01 விழுக்காடு.

வரவுசெலவு ஆவணங்களில் இந்த ஒதுக்கீட்டை அடையாளம் காண ஓர் எண் உண்டு. ஒவ்வொரு செலவும் பெருந்தலைப்பு, சிறுதலைப்பு என்று பிரித்து எழுதப்படும். விளையாட்டு, இளைஞர் நலன் ஆகியவற்றின் வருவாய்ச் செலவு 2204 என்ற பெருந்தலைப்பிலும், அரங்கம் கட்டுதல் போன்ற மூலதனச் செலவு 4202 என்ற பெருந்தலைப்பிலும் வரும். அவற்றுக்குக் கீழே 789 என்ற சிறுதலைப்பு இருந்தால், அத்தொகை பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்தின் கணக்கில் எழுதப்படுகிறது என்று பொருள். பழங்குடியினருக்கு இந்த எண் 796.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் அரங்கத்துக்கு 42 கோடி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்கம் எல்லோருக்கும் பொது, எல்லோரிலும் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், ஆகவே 8.4 கோடியை 789இல் எழுதலாம் என்று ஓர் அதிகாரி கணக்குப் போடலாம். காகிதத்தில் ஒதுக்கீடு நிறைவேறிவிடும். சேரியில் ஒரு செங்கல்லும் சேராது. இதைத்தான் ‘கருத்தியல் ஒதுக்கீடு’ என்று நமது இயக்கங்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகின்றன.

இது கற்பனை அச்சம் அன்று. 2010 அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன், வீடு மற்றும் நில உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்ற ஆவணங்களைக் கொண்டு, துணைத் திட்ட நிதியிலிருந்து 744 கோடி ரூபாய் போட்டிக்கான பணிகளுக்குத் திருப்பப்பட்டதை வெளிப்படுத்தியது. தலித் அமைப்புகள் போராடின. விவகாரம் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், 678 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பப்பட்டதை மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். அது திருப்பித் தரப்படும் என்றும் உறுதியளித்தார். வழக்குத் தீர்ப்பால் கிடைத்த ஒப்புதல் அன்று அது. ஆவணத்தைக் கேட்டுப் பெற்று, எண்ணைப் படித்துக் காட்டியதால் கிடைத்தது.

கர்நாடகத்தின் அனுபவமும் பயனுள்ளது. அம்மாநிலம் 2013இல் துணைத் திட்டத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் அதன் 7(டி) பிரிவு, பொதுவான உள்கட்டமைப்புப் பணியின் செலவில் ஒரு பகுதியைப் பட்டியலினத்தாருக்கான செலவாகக் ‘கருதிக்கொள்ள’ இடம் கொடுத்தது. சட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்ட அந்தத் துளையை அடைக்கப் பத்தாண்டு ஆயிற்று. 2023இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நிர்வாக வழிகாட்டுதலாக இருந்த ஒன்று இப்போது சட்டக் கடமையாகியிருக்கிறது. அதன் நடைமுறையில் ‘கருதிக்கொள்ளும்’ வழக்கம் பின்வாசல் வழியாக நுழையாமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.

ஃபார்முலா 4 செலவு 789இல் எழுதப்பட்டது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. எந்தச் செலவாயினும் அது எழுதப்பட்ட தலைப்பைக் கேட்டறிந்த பிறகே விவாதத்தைத் தொடங்க வேண்டும் என்கிறோம்.

இரண்டாம் கேள்வி: நிலம் யாருடையது?

ஸ்ரீபெரும்புதூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி அது. அந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதைத்தான். சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அதே செங்கல்பட்டு மண்ணில், 1994 அக்டோபர் 10 அன்று, காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எனச் சிப்காட் வளாகங்கள் விரிந்த இந்தத் தொழிற்பாதையில் நிலத்தின் விலை உயர்ந்துகொண்டே போகிறது. இத்தகைய பகுதியில் எந்தப் பெரிய அரங்கம் அறிவிக்கப்பட்டாலும், முதலில் பார்க்க வேண்டியவை புல எண்ணும் ‘அ’ பதிவேடும் பழைய நிலவரித் திட்டப் பதிவுகளும். நிபந்தனைக்குட்பட்ட ஒப்படை நிலம் இடையில் கைமாறியிருந்தால் அந்தக் கிரயத்தின் செல்லுபடியையே கேள்விக்குள்ளாக்கலாம். பட்டா நிலம் மட்டுமே இழப்பீட்டுக்குரியது என்ற எண்ணமும் தவறு. மேய்க்கால் புறம்போக்கும் வறண்ட ஏரிப்படுகையும்தான் பல ஊர்களில் சேரிப் பிள்ளைகளின் ஒரே ஆடுகளம். 2023இல் இயற்றப்பட்ட சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலைகளையும் உள்ளடக்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பைப் பெருந்திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழி செய்கிறது. புதிய மைதானத்துக்காகப் பழைய மைதானம் காணாமற்போவதை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

மூன்றாம் கேள்வி: உள்ளே யார்?

அரசியலமைப்பின் 15(2) பிரிவு, பொதுக் கேளிக்கை இடங்களிலும், முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் சாலைகளிலும் பொதுமக்கள் கூடும் இடங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ‘பகுதியாகவோ’ என்ற சொல் முக்கியமானது. அரசுப் பணம் கலந்த அரங்கத்தைத் தனியார் நிர்வகித்தாலும் இந்தப் பிரிவிலிருந்து அது தப்ப முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2015 திருத்தத்துக்குப் பின், பொதுக் கேளிக்கை இடங்களில் நுழைவதைத் தடுப்பதை வெளிப்படையாகவே குற்றமாக்குகிறது.

ஆனால் சட்டம் தொடாத கதவு ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கில் நுழைவுச்சீட்டு விலை, உறுப்பினர் கட்டணம், நகர மையத்துக்குப் போய்வரும் செலவு ஆகியவை சாதியின் பெயரைச் சொல்லாமலே அந்த வேலையைச் செய்கின்றன. ஒரகடத்து ஆலையில் ஒப்பந்தப் பணியாற்றும் இளைஞர், தம் வரிப்பணமும் சேர்ந்த பந்தயத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடியும். தமிழ்நாடு அரசின் சட்டமன்றத் தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டத்தில் ஒன்றுக்கு 3 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. 42 கோடியில் அத்தகைய 14 அரங்கங்கள் எழுந்திருக்கும். ஸ்ரீபெரும்புதூர் ஒரு தனித் தொகுதி என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நுழைந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் ஹாக்கி நமக்குச் சொல்லியிருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் அணி அரையிறுதியில் தோற்றதும், அணியின் முன்கள வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்து, தலித்துகள் அதிகம் இருப்பதால்தான் அணி தோற்றது என்று சாதி வெறியர்கள் வசைபாடினார்கள். அதே போட்டியில்தான் அவர் ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்திய வீராங்கனை ஆனார்.

என்ன செய்யலாம்?

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ், 10 ரூபாய் கட்டணத்துடன், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். நிதி ஒப்பளிப்பு அரசாணையின் நகல், செலவு எழுதப்பட்ட முழுமையான கணக்குத் தலைப்பு, தனியார் நிறுவனத்துடனான புரிந்துணர்வு ஒப்பந்தம், நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், நிலத்தின் புல எண்கள் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு தகவல் ஆணையம். ‘ஏன் செலவிட்டீர்கள்’ என்று கேட்டால் அது தகவல் அன்று என்று நிராகரிக்க வாய்ப்புண்டு. ஆவணத்தைக் கேட்டால் அவ்வாறு ஒதுக்குவது கடினம்.

விளையாட்டு நமக்கு எதிரி அன்று. நமது பிள்ளைகளுக்கு மைதானமும் பயிற்சியாளரும் காலணியும் சத்துணவும் வேண்டும். அதற்கு அரசு இன்னும் அதிகமாகச் செலவிட வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அந்தச் செலவு துணைத் திட்டத்தின் பெயரில் நடக்குமானால், அது சேரியின் மைதானத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.