இருளில் மின்சாரத்தால் துழாவும் மீன்

இரவில் விளக்கு அணைந்துவிட்டால் தீப்பெட்டியை எப்படித் தேடுவீர்கள்? கையை நீட்டித் துழாவுவீர்கள் அல்லவா? தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் ஒரு மீனும் இப்படித்தான் இரை தேடுகிறது. ஆனால் அது நீட்டுவது கையை அன்று, மின்புலத்தை!

கரும்பேய்க் கத்திமீன் என்று அதை அழைக்கலாம். விலங்கியலார் இட்ட பெயர் அப்டெரோனோட்டஸ் அல்பிஃப்ரான்ஸ். மைக்கருப்பு உடல், வாலருகே இரண்டு வெள்ளை வளையங்கள், அரை மீட்டர் வரை நீளம். இறந்தவரின் ஆவி அதில் குடியேறும் என்ற நம்பிக்கையால் இப்பெயர் வந்ததாக மீன் வளர்ப்போர் கதை சொல்வர். கதை இருக்கட்டும். அதன் உண்மை வாழ்க்கை இன்னும் விந்தையானது.

அமேசான், ஓரினோக்கோ, பரானா ஆற்றுப் படுகைகளில், மணல் தரையுள்ள ஓடைகளில் இது வாழ்கிறது. பகலெல்லாம் வேர்களின் இடுக்கில் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பின் புழுக்களையும் பூச்சிகளின் இளம் உயிரிகளையும் தேடிப் புறப்படும். அப்பகுதி ஆறுகள் சில வண்டல் கலங்கியவை. சில, ஊறிய இலைகளின் சாற்றால் தேநீர் நிறம் பெற்றவை. அங்கே, அதுவும் இரவில், கண் என்ன செய்யும்?

இதன் உடலில் வால் வரை நீண்ட ஒரு மின் உறுப்பு உள்ளது. அது வினாடிக்குச் சுமார் 1,000 முறை துடிக்கிறது. பதுங்கிக் கிடக்கும்போதும் ஓய்வதில்லை. இதன் உறவினனான மின் விலாங்கு 600 வோல்ட்டுக்கும் மேல் எழுப்பி இரையைத் தாக்கும். இதன் மின்சாரமோ நீரில் கைவிட்டால்கூட நமக்குத் தெரியாத அளவு மெலிந்தது. மீனைச் சுற்றி நீரில் பரவும் மின்புலத்தில் ஒரு புழு வந்தால், நன்னீரைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் அதன் உடல் புலக்கோடுகளைத் தன்னிடம் குவிக்கும். கல் அவற்றை விலக்கும். தோலில் உள்ள ஆயிரக்கணக்கான உணர் உறுப்புகள் இம்மாற்றத்தை அறிகின்றன.

இப்படியும் ஒரு புலன் உண்டு என்பது எப்படித் தெரிந்தது? கேம்பிரிட்ஜில் லிஸ்மன் என்பவர், ஆப்பிரிக்க மின்மீன் ஒன்று விடாமல் மின்துடிப்புகள் எழுப்புவதை 1951இல் வெளியிட்டார். பின்னர் மச்சின் என்பவருடன் சேர்ந்து, ஒரே தோற்றமுள்ள நுண்துளைக் கலங்களை அதன் முன் வைத்தார். ஒன்றில் தொட்டி நீர், மற்றொன்றில் வாலைவடிநீர். பார்வைக்கு வேறுபாடில்லை. மீன் சரியாகப் பிரித்தறிந்தது! அம்முடிவுகள் 1958இல் வெளிவந்தன.

அந்த ஆப்பிரிக்க மீனுக்கும் நம் கத்திமீனுக்கும் நெருங்கிய உறவில்லை. எனினும் இரண்டும் உடலை வளைக்காமல், நாடா போன்ற ஒற்றைத் துடுப்பால் நீந்துகின்றன. அதற்கு முதுகில், இதற்கு வயிற்றடியில். ஏன்? உடல் வளைந்தால் மின்புலமும் குழம்பும். துடுப்பின் அலையைத் திருப்பினாலே போதும், கத்திமீன் அப்படியே பின்னோக்கிப் போகும். நீந்தும்போது விலாவருகே ஒரு நீர்த்தெள்ளு தட்டுப்பட்டால், சட்டென்று பின்வாங்கி வாயருகே கொண்டுவந்து விழுங்கிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. அதிர்வெண் ஏறத்தாழ ஒத்த இரு இசைக்கவைகளை ஒலித்தால் விம்மல்கள் எழும் என்று படித்திருப்பீர்கள். இரு கத்திமீன்கள் அருகருகே வந்தாலும் மின்புலம் அவ்வாறே விம்மும். இரை தெரியாமல் போகும். அப்போது ஒரு மீன் தன் அதிர்வெண்ணை உயர்த்தி விலகிக்கொள்கிறது. தொட்டி நீரில் இரு கம்பிகளை அமிழ்த்தி, ஒலிபெருக்கியோடு இணைத்து ஆய்வாளர்கள் இதைக் காதாலேயே கேட்கிறார்கள்: இடைவிடாத ஒரு கீச்சொலி, இன்னொரு மீனை உள்ளே விட்டதும், மெல்லச் சுருதி ஏறுகிறது.