பூனையின் நீர்க்கலனைத் தூய்மையாக வைத்திருத்தல்

நெல் மூடைகளை எலிகளிடமிருந்து காக்கும் பொருட்டுக் கமக்காரர் பலர் பூனை வளர்க்கின்றனர். அதற்கு உணவிடுவதில் காட்டும் கவனத்தை நீர் வைப்பதில் காட்டுவோர் சிலரே. கவனிப்பாரற்ற நீர்க்கலனால் பூனைக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் தீங்கு நேரும்.

வழுவழுப்பின் காரணம்

இரண்டொரு நாள் நீர் நின்ற கலனின் உட்புறத்தைத் தடவினால் விரல் வழுக்கும். பூனையின் உமிழ்நீராலும் உணவுத் துணிக்கைகளாலும் பெருகும் பற்றீரியாக்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த படலமே அது. பழைய நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் வார்ப்பதால் அப்படலம் அகலாது; தேய்த்தே நீக்கல் வேண்டும். மின்விசையால் நீரைச் சுற்றச் செய்யும் கலன்களிலும் இது உண்டாகும். அவற்றின் பம்பியையும் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுதல் வேண்டும்.

நுளம்பும் எலியும்

டெங்கு நுளம்பு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலனின் உட்சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிருடன் இருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். பொரித்த குடம்பி ஏறத்தாழ ஒரு வாரத்தில் நுளம்பாகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை மறத்தலாகாது.

இரவில் எலிகளும் இந்நீரை நாடி வரும். அவற்றின் சிறுநீரால் எலிக்காய்ச்சற் கிருமி கலனில் சேரலாம். கையிற் காயமுள்ளவர் கையுறையின்றி அதனைக் கழுவலாகாது.

செய்ய வேண்டியவை

1. பீங்கான் அல்லது துருப்பிடியாத உருக்குக் கலனையே பயன்படுத்துக. கீறல் விழுந்த பிளாத்திக்குக் கலனில் அழுக்குத் தங்கும். பூச்சிநாசினி இருந்த கொள்கலனை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தலாகாது.
2. நாள்தோறும் பழைய நீரை அகற்றி, சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் கொண்டு உட்சுவர் முழுவதையும் தேய்த்து, நன்கு அலசுக.
3. வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றி வெயிலில் உலர்த்துக.
4. பினைல் இடுதல் கூடாது. அந்நஞ்சை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.
5. கலனை நிழலில், உணவுத் தட்டிலிருந்து விலக்கி வைக்குக.

நான்கு கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு, உணவிலுள்ள ஈரமும் உட்பட, நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் நீர் தேவை. அழுக்கு நீரை வெறுத்துப் போதிய அளவு பருகாத பூனைக்குச் சிறுநீர் வழியில் நோய் தோன்றலாம். நாள்தோறும் சில நிமிட நேர உழைப்பு, களஞ்சியத்தின் காவலையும் குடும்பத்தின் நலத்தையும் ஒருங்கே பேணும்.