வளைகத்திகளில் கூர்விளிம்பின் இடம்: கொபெஷ், ஃபால்க்ஸ் ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பழங்கால வளைகத்திகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் வளைவை மட்டுமே சுட்டுகின்றன. எகிப்தியரின் கொபெஷும் டேசியரின் ஃபால்க்ஸும் ஒருங்கே ‘அரிவாள் வடிவ வாள்’ என வழங்கப்படுவதைக் காணலாம். ஒரு வளைகத்தியின் பயன்பாட்டைத் தீர்மானிப்பது வளைவு அன்று. வளைவின் எப்பக்கத்தில் கூர்விளிம்பு அமைந்துள்ளது என்பதே ஆகும். இவ்வேறுபாட்டை மேற்கண்ட இரு கருவிகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கொபெஷ்

கொபெஷ் வெண்கலத்தால் ஆனது. பிடியை அடுத்து நேரான தண்டுப் பகுதியும் அதன்பின் வளைந்த அலகும் உண்டு. இதன் கூர்விளிம்பு வளைவின் வெளிப்புறத்தில், அதாவது குவிந்த பக்கத்தில் உள்ளது. கதிர் அறுக்கும் அரிவாளோடு இதற்கு உருவ ஒற்றுமை உண்டேயன்றிச் செயல் ஒற்றுமை இல்லை. போர்க்கோடரியின் வளர்ச்சியாகவே இதனை ஆய்வாளர் கருதுகின்றனர். கோடரியைப் போலவே எடை முன்பகுதியில் திரள்வதால் ஓங்கி வெட்டும்போது விசை குவிந்த விளிம்பின் சிறு பகுதியில் இறங்குகிறது. விலங்கின் முன்னங்காலைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லே இதற்கும் பெயராயிற்று. துட்டன்காமனின் கல்லறையில் அளவில் வேறுபட்ட இரண்டு கொபெஷ்கள் கிடைத்துள்ளன. புதிய அரசுக் காலப் புடைப்புச் சிற்பங்களில் கடவுள் அரசனுக்கு இதனை வழங்கும் காட்சி இடம்பெறுவதால், படைக்கருவி என்னும் நிலையைக் கடந்து ஆட்சியின் சின்னமாகவும் இது விளங்கியமை புலனாகும்.

ஃபால்க்ஸ்

இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த டேசியரின் ஃபால்க்ஸ் இரும்பாலானது. இதன் கூர்விளிம்பு உட்புறத்தில், குழிந்த பக்கத்தில் உள்ளது. இலத்தீனில் ஃபால்க்ஸ் என்பது அரிவாளைக் குறிக்கும் பொதுச்சொல்லே. உழவுக்கருவியின் பெயர் படைக்கருவிக்கும் ஆகிவந்தது. ஒரு கையால் ஏந்தும் குறுவகை ‘சிகா’ எனப்பட்டது.

பேரரசர் டிராஜன் கி.பி. 101-102, 105-106 ஆகிய ஆண்டுகளில் டேசியர்மீது போர் தொடுத்தார். கி.பி. 109இல் எழுப்பப்பட்ட ஆடம்கிளிசி வெற்றிச் சின்னத்தின் சிற்பப் பலகைகளில் இரு கைகளாலும் ஃபால்க்ஸை ஓங்கும் வீரர்களைக் காணலாம். அவர்களுள் சிலர் டேசியர் அல்லர், பாஸ்டார்னேயர் என்பாரும் உளர். எனினும் நம் கவனத்திற்குரியவர்கள் எதிரே நிற்கும் ரோமானியரே. அவர்களின் வலக்கையில் தகடுகளாலான கைக்கவசம் உள்ளது. கிளாடியேட்டர்களிடம் முன்பே இருந்த காப்பு இது. ரோமானியரின் பெருங்கேடயம் உடலை மறைக்கும். ஆனால் வாளை நீட்டும் வலக்கை கேடயத்திற்கு வெளியே வந்தாக வேண்டும். உள்வளைந்த நீண்ட அலகு கேடயத்தின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்கும்போது அதன் நுனி தலையையோ தோளையோ கையையோ தாக்கும். உட்குழிவில் அகப்பட்ட உறுப்பு வழுவி நீங்குவதும் அரிது. இக்காலத்தை ஒட்டிய ரோமானியத் தலைக்கவசங்கள் சிலவற்றின் உச்சியில் குறுக்காக இரு இரும்புப் பட்டைகள் பொருத்தப்பட்டிருப்பதும் மேலிருந்து விழும் வெட்டை எண்ணியே எனலாம். ஒரு கருவியின் ஆற்றலை அதனை ஏந்தியவரின் புகழுரையைவிட எதிரி மாற்றிக்கொண்ட கவசமே தெளிவாகக் காட்டுகிறது. டேசிய ஃபால்க்ஸின் கொடிய காயங்களைக் கண்டிருந்த டிராஜனின் மூத்த வீரர்கள் பார்த்தியரின் அம்புகளைப் பொருட்படுத்தவில்லை என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான ஃப்ரான்டோ குறிப்பிடுவதும் இதனோடு இயைகிறது.

பின்னர் டேசியரே ரோமானியத் துணைப்படையில் சேர்ந்தனர். பிரித்தானியாவில் ஹேட்ரியன் மதிலின் பேர்டாஸ்வால்ட் கோட்டையில் இருந்த டேசியப் படைப்பிரிவின் கல்வெட்டொன்றில் வளைந்த வாள் செதுக்கப்பட்டுள்ளது.

கலைச்சொல்

தமிழில் கருக்கரிவாள், வீச்சரிவாள் இரண்டிற்கும் கூர்விளிம்பு உட்புறத்தில்தான் அமையும். ஆகவே ஃபால்க்ஸை அரிவாள் என்பது மிகப் பொருத்தமான பெயர்ப்பு. ஆங்கில வழக்கைவிடத் தமிழ்ச்சொல் அதன் இயல்பை நெருங்கி நிற்கிறது. கொபெஷை அவ்வாறு அழைப்பதுதான் பிழை. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘அரிவாள்-வாள்’ என்னும் தொடரை அப்படியே பெயர்த்ததன் விளைவு அது. ‘கோடரிவாள்’ எனக் கொள்ளின் கருவியின் தோற்றுவாயும் கூர்விளிம்பின் இடமும் ஒருங்கே விளங்கும்; ‘வளைகத்தி’ என்பதை இரண்டிற்கும் பொதுப்பெயராக நிறுத்திக்கொள்ளலாம்.